சீழ் வைக்காத புண்

கரிக்கலாம்பாக்கம்
9.7.2023

அன்புத் தங்கை அமுதவல்லிக்கு,

அண்ணன் விஜயராகவன் எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் போதும்.

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "இனிமே உன் குரலு என் காதுல விழக்கூடாது" என்று குழந்தை மேல் சத்தியம் பண்ணிச் சொன்னாய். அன்றிலிருந்து உனக்குப் போன் அடித்தால் போகவில்லை. மூலக்குளத்துக்கு நேரில் வந்தால் மாப்பிள்ளை கலைவாணன் மாடிப்படியிலேயே என்னை நிறுத்தி, "மச்சான், கொஞ்ச நாளு போவட்டும்" என்று கையைப் பிடித்துக்கொள்கிறான். அவனும் என் வீட்டுக்காரி பாக்கியமும் கூடப்பிறந்தவர்கள், தினமும் பேசிக்கொள்கிறார்கள். அதனால் குழந்தை தேவிப்பிரியாவின் செய்தி எனக்கு வந்துவிடுகிறது. உன் செய்திதான் வருவதில்லை. கடிதத்துக்குக் குரல் கிடையாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்ததை மறைக்கப் போவதில்லை. பதினோராம் மாதம் காது குத்தியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். "இவளுக்குக் கொடி விழவே நாப்பத்தியோரு நாளு ஆச்சு. எனக்கு என்னமோ சரியாப் படல. இன்னும் கொஞ்சம் போவட்டும்" என்று நீ சொன்னாய். தொப்புள் கொடி விழுந்த பிறகுதான் தொட்டிலில் போடுவது நம் வீட்டு வழக்கம். மற்ற குழந்தைகள் பத்து நாளில் தொட்டில் ஏறிவிடும். இவள் ஒன்றரை மாதம் உன் மடியிலேயே கிடந்தாள். "பாசக்காரப் பொண்ணு, அம்மாவ விட மனசில்ல" என்று எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்காமல் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாய்.

தோடு வாங்கிவிட்டேன், சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டேன், என் மருமகளை என் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும் என்று பேசிப் பேசி உன்னைச் சம்மதிக்க வைத்தேன். நான்காம் நாள் காது மடல் சிவந்தது. டாக்டரிடம் போகிறேன் என்று நீ கிளம்பினாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "சீழே காணோம், சுத்தமான புண்ணு. மஞ்சள வெச்சி விடு, தானா காயும்." மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்தாலும் சீழ் கட்டவில்லை என்றால் பயமில்லை என்று அப்பா காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அறிவை எட்டு நாள் உன் குழந்தையிடம் காட்டினேன். ஒன்பதாம் நாள் மடல் கருத்து, குழந்தை கண் திறக்காமல் ஐ.சி.யு.வில் கிடந்தது.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி தானாக மூலக்குளம் பக்கம் போகிறது. உன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
விஜயராகவன்

*

மூலக்குளம்
27.7.2023

அண்ணனுக்கு,

குரலைக் கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். கடிதம் படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. பிழைத்துப் போ.

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. குழந்தையின் இடது காதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. தெருமுனையில் உன் வண்டி நின்று திரும்புவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஹாரன் அடிக்காமல் போகிறாயே, அந்த மட்டும் நல்லது.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. முதலில் ரத்தத்தில் வெள்ளை அணு அறுபத்தெட்டாயிரம் இருக்கிறது என்று பார்த்து, புற்றுநோயாக இருக்குமோ என்று பயமுறுத்தினார்கள். பிறகு டாக்டர் இராமதாஸ் என்று ஒருவர் வந்தார். காதைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "கொடி எப்பம்மா விழுந்துச்சு?" என்று கேட்டார். நான் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன். நாற்பத்தியொரு கோடு. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க என்ன வேல பாக்கறீங்க?" என்றார். தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி கம்பெனியில் செக்கிங் பார்த்தேன், குழந்தைக்காக நின்றுவிட்டேன் என்றேன். "என்கிட்டப் படிக்கிற பசங்களுக்கு இந்தத் தாளக் காட்டணும்" என்றார். ஆயிரம் மூடி ஓடும்போது ஒரு கோணல் மூடியைப் பிடிக்கிற கண், அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் அழுகை வந்துவிட்டது.

எல்.ஏ.டி. என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள், முழுப் பெயர் என் நாக்கில் நுழையவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம். வெள்ளை அணு நிறைய இருக்கிறது. ஆனால் ரத்தக்குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வர அதற்குத் தெரியவில்லை. "பஸ்ஸு நெறைய போலீஸு இருக்காங்க. ஆனா பஸ்ஸு எங்கயுமே நிக்காது, யாரும் எறங்க முடியாது" என்று டாக்டர் சொன்னார். சீழ் என்பதே அந்த அணுக்கள் புண்ணுக்கு வந்து சண்டை போட்டுச் செத்த அடையாளமாம். நம் தேவிக்கு யாரும் வரவே இல்லை. அதனால்தான் சீழ் இல்லை. கொடி விழுவதற்கும் அந்த அணுக்கள் வரவேண்டுமாம்.

என்னிடமிருந்து பாதி, என் வீட்டுக்காரரிடமிருந்து பாதி வந்திருக்கிறது. நாமும் அவர்களும் மாமன் பிள்ளைகள், அத்தை பிள்ளைகள். அதிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். நம் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரு குறை இரண்டு பக்கமும் இறங்கி வந்து இவளிடம் சேர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஆக, காது குத்தாமல் இருந்தாலும் வேறு ஏதாவது ஒரு கீறலில் இது வெளியே வந்திருக்கும். உன்னைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன்.

இப்படியே விட்டால் இரண்டு வயதைத் தாண்டமாட்டாள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பிழைக்கலாம். எனக்கும் அவள் அப்பாவுக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. கூடப்பிறந்தது இல்லை. "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்திருக்கீங்க, அந்த வீட்ல புள்ள இருக்கா?" என்று கேட்டார். நோயைக் கொடுத்த வழக்கமே மருந்தையும் கொடுக்கலாமாம்.

உன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றிருந்தேன். கேட்கிறேன். நீயும் அண்ணியும் முகிலனும் வந்து ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

அமுதவல்லி

*

கரிக்கலாம்பாக்கம்
2.9.2023

அன்புத் தங்கைக்கு,

மாப்பிள்ளை போனில் சொல்லியிருப்பான். என்றாலும் நான் எழுதினால்தான் எனக்கு நிறைவு. எனக்குப் பொருந்தவில்லை, பாக்கியத்துக்குப் பொருந்தவில்லை. முகிலனுக்குப் பத்துக்குப் பத்து. பரீட்சையில் ஒரு நாளும் அந்தப் பயல் பத்துக்குப் பத்து வாங்கியதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அதைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தியொரு கோடு என்று நீ எழுதியதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒருத்தி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். சின்ன வயதில் நான் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று இன்றைக்கும் ஊரில் பீற்றிக்கொள்வேன். இனி வாயைத் திறக்கமாட்டேன்.

ஒரு சிக்கல். பாக்கியம் மாட்டேன் என்கிறாள். முதுகெலும்பில் துளை போட்டு எடுப்பார்கள், அதற்கப்புறம் பையன் நிமிர்ந்து நடக்கமாட்டான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "ஒம்பது வயசுப் புள்ள, ஊசின்னாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவான். இருக்கிறது ஒண்ணு. ஒண்ணக் காப்பாத்த ஒண்ணத் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தேவி அவளுடைய சொந்த அண்ணன் மகள் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். "அது தெரியாமயா அழுவறேன்?" என்றாள்.

நீ கவலைப்படாதே. அப்பன் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அவள் அழுதாலும் சரி, அடுத்த வாரம் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். உனக்கு நான் செய்த கேட்டுக்கு இதையாவது செய்கிறேன்.

உன் அண்ணன்
விஜயராகவன்

*

மூலக்குளம்
8.9.2023

அண்ணா,

உன் கடிதம் காலையில் வந்தது. அடுத்த தபாலில் இது போகிறது. வண்டியை எடுக்காதே.

அண்ணியை வற்புறுத்தாதே. அவள் மாட்டேன் என்றால் நான் கோபப்படமாட்டேன். இல்லை, பொய் சொல்கிறேன். கோபப்படுவேன், அழுவேன், அவள் முகத்தைப் பார்க்கப் பல வருடம் ஆகும். ஆனாலும் வற்புறுத்தாதே. ஏனென்றால் ஒரு தடவை நீ என்னை வற்புறுத்தினாய். எனக்குள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நீ தோடு, சொந்தபந்தம், தாய்மாமன் மடி என்று அடுக்கிக்கொண்டே போனாய். கடைசியில் சரி என்றேன். அந்தச் "சரி"யை நினைத்து நான் படும் பாட்டை அண்ணி படவேண்டாம். முகிலனுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், கை நீட்டி வாங்கிய நான் எப்படிச் சோறு தின்பேன்?

அண்ணி கேட்பதில் என்ன தப்பு இருக்கிறது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிள்ளைக்காக இப்போது உயர்த்தியிருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் உலக்கையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன்.

குழந்தைக்கு இப்போது ஈறு வீங்கியிருக்கிறது. மருந்து ஏறிக்கொண்டே இருப்பதால் கையில் நரம்பு கிடைப்பதில்லை. ஆனாலும் காலையில் நர்ஸைப் பார்த்ததும் சிரிக்கிறாள். டாக்டர் டிசம்பருக்குள் செய்தாக வேண்டும் என்கிறார். அதுவரை நாள் இருக்கிறது. அண்ணியிடம் பேசு, ஆனால் கேட்டுக்கொள்கிற மாதிரிப் பேசு.

அமுதவல்லி

*

கரிக்கலாம்பாக்கம்
1.10.2023

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் சண்டை போடாதே. விளக்கிச் சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதால் கொடுத்தேன். உலக்கை என்று எழுதிய இடத்தில் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. முகிலன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு வந்தாள். தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் இராமதாஸைப் பார்க்கும் வரை மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "எங்க ஊசி போடுவீங்க, எம்மேல தொட்டுக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறாள். ஒரு நர்ஸ் அவள் இடுப்புக்குப் பின்னால் எலும்பில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள். முதுகெலும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்களாம். எத்தனை நாள் வலிக்கும், எப்போது ஓடலாம், எதற்கு ஆபத்து இருக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டு, பையனின் பழைய நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அமுதா, பன்னிரண்டு வருடமாக அவளுக்கு வில்லியனூரைத் தாண்டி பஸ் நம்பர் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "நாஞ் சரின்னுட்டேன். ஆனா அவங்கிட்டக் கேக்கணும். பொய் சொல்லிக் கூட்டிம்போவக் கூடாது" என்றாள். ஊசியே இல்லை, ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போகலாம் என்பது என் யோசனை. உன்னிடம் சொல்ல வெட்கமில்லை.

அவளே அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "எங்கிட்ட இருந்து எடுத்தா எனக்குத் திரும்ப ஊறுமா?" என்று கேட்டான். நாலு வாரத்தில் ஊறிவிடும் என்றாள். "நம்ம போர் கெணறு மாதிரியா?" என்றான். ஆமாம் என்றாள். "அப்ப எடுத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவன் அம்மாவும் குனிந்து உள்ளே போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இரண்டு பேருடைய கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் வாசலில் நின்றேன். இந்த இரண்டு பேரோடுதான் நான் இத்தனை நாள் குடித்தனம் பண்ணினேனா என்று இருந்தது.

உன் அண்ணன்
விஜயராகவன்

*

சென்னை
6.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெளியே புயல் மழையில் ஊரே மிதந்தது என்று நர்ஸ் சொன்னாள். மஜ்ஜை ஏற்ற டாக்டர் இராமதாஸ் அனுப்பிவைத்த இந்த ஆஸ்பத்திரி அறைக்குள் ஒன்றும் தெரியாது. ஜன்னல் திறக்காது. நானும் குழந்தையும் மட்டும்தான். சோறுகூடச் சூடு காட்டித்தான் உள்ளே வரும். இதை எழுதி நர்ஸிடம் கொடுத்தால் அவள் வெளியே கொண்டுபோய் அனுப்புவாள்.

மஜ்ஜை ஏறி இன்றோடு பதினாறு நாள். அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். உன் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. என் சத்தியத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முகிலனிடமிருந்து எடுத்ததை ஒரு சின்ன பையில் கொண்டுவந்தார்கள். சிவப்பாக, சாதாரண ரத்தம் மாதிரித்தான் இருந்தது. நான் என்னமோ பெரிதாக எதிர்பார்த்தேன். சொட்டுச் சொட்டாக ஏறி முடிய நான்கு மணி நேரம். தேவி தூங்கிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் இரண்டு மாடி கீழே அவன் மயக்கம் தெளியாமல் படுத்திருக்கிறான் என்று நினைத்தபோது, ஒன்பது வயதுப் பிள்ளையைக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். நர்ஸ் என்ன நினைத்தாளோ.

அதற்கு முன்னால் கொடுத்த மருந்தில் அவள் முடி எல்லாம் கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண். ஒரு வாரம் தண்ணீர்கூட இறங்கவில்லை. அந்த நாட்களில் நான் மனதுக்குள் உன்னைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், தாத்தாவைக்கூட விடவில்லை. நேற்று இங்குள்ள டாக்டர் வந்து, புது அணுக்கள் முளைக்க ஆரம்பித்துவிட்டன என்றார். பரிசோதனையில் அவற்றுக்குச் சுவரைப் பிடிக்கத் தெரிகிறதாம். போனில் டாக்டர் இராமதாஸிடம் சொன்னேன். "எறங்க ஆரம்பிச்சுட்டாங்கம்மா" என்றார்.

முகிலன் எப்படி நடக்கிறான் என்று எழுது. அண்ணியிடம் சொல். நேரில் காலில் விழுந்தால் திட்டுவாள், அதனால் இங்கிருந்தே விழுகிறேன்.

அன்புடன்,
அமுதா

*

கரிக்கலாம்பாக்கம்
20.12.2023

அன்புத் தங்கைக்கு,

அமுதா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். சின்ன வயதுப் பேரைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது. கடிதத்தை எல்லோருக்கும் காட்டினேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எனக்காக வைத்துக்கொண்டேன்.

முகிலன் இரண்டு நாள் நொண்டினான். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் மறுபடி நொண்ட ஆரம்பித்தான். பாக்கியம் முறைத்தாள், சரியாகிவிட்டது. இடுப்பில் இருக்கும் இரண்டு புள்ளியைக் காட்டி ஊர்ப் பிள்ளைகளிடம் கதை அளக்கிறான். ஊசி இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டுகிறான். நாளுக்கு நாள் ஊசி வளர்கிறது.

இங்கே எல்லோரும் அவனைப் பற்றித்தான் பேச்சு. பெரியவர் பாவாடை நேற்று வயலுக்கே வந்து, "மாமன் மவன் உசுரக் குடுத்துட்டான். இனிமே அந்தப் பொண்ணு வேற எந்த வூட்டுக்குப் போவும்?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் இனித்தது, மறைக்கவில்லை. அவள் பிறந்த அன்றைக்கே என் மனதில் போட்ட முடிச்சு அது. இப்போது கடவுளே வந்து முடிச்சை இறுக்கிவிட்டார் என்று தோன்றுகிறது. நீ நல்லபடியாக மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர். மற்றதை இருபது வருடம் கழித்துப் பேசுவோம்.

உன் அண்ணன்
விஜயராகவன்

*

மூலக்குளம்
16.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் சத்தியத்தை நானே தள்ளி வைத்துக் கூப்பிட்டதால் போன வாரம் நீ வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாய். தேவி உன் மீசையைப் பிடித்து இழுத்தாள். எல்லாவற்றையும் பேசினோம். ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லாததால் பழையபடி எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ போன மறுநாள் தேவி தொடையில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துவிட்டாள். சிவந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த நாள் காலையில் பார்க்கிறேன், நடுவில் வெள்ளையாக ஒரு முனை. மஞ்சள் பாரித்த வெள்ளை. சீழ். அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, கீழ்வீட்டு அக்காவிடம் "சீழ் வெச்சிருக்குக்கா" என்று காட்டினேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். டாக்டர் இராமதாஸ் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டே நாளில் ஆறிவிட்டது. என் மகளுக்கு ஆறிய முதல் புண் அது.

அவளுடைய ரத்த வகையும் மாறிவிட்டது. பிறக்கும்போது பி பாசிட்டிவ், இப்போது முகிலனுடைய ஓ பாசிட்டிவ். அவளுக்குள் ஓடுவது முழுக்க அவன் ரத்தம்.

இப்போது சொல்ல வேண்டியது. டாக்டர் ஒரு விஷயம் விளக்கினார். ரத்தம்தான் மாறியிருக்கிறது. நாளைக்கு அவள் வயிற்றில் ஒரு குழந்தை உருவானால் அதற்குப் போவது பழைய குறைதான், அது மாறாது. முகிலன் நன்றாகத்தான் இருக்கிறான், இருப்பான். ஆனால் அவனுக்கும் அந்தக் குறையில் பாதி இருக்கிறது என்று அப்போதே பரிசோதனையில் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால், பிறக்கிற குழந்தைகளில் பாதிக்குப் பாதி இதே மாதிரி பிறக்கும். இன்னொருத்தி காலண்டரில் கோடு போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அண்ணா. அந்த இன்னொருத்தி என் மகளாக இருப்பாள்.

அவர் சொல்லாமல் இருந்தாலும் நான் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஊரெல்லாம் "உசுரக் குடுத்தவன், அவனுக்குத்தான் பொண்ணு" என்கிறார்கள். அவன் ஒன்றும் பரிசம் போடவில்லை. கட்டிலுக்கு அடியில் பயந்து படுத்துக்கொண்டே, எடுத்துக்கோ என்று சொன்னவன். அதற்கு விலை வைத்தால் அவன் செய்தது சின்னதாகிவிடும். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம். அவள் அவனை அண்ணா என்று கூப்பிடட்டும். இனிமேல் அவளை மருமகள் என்று ஊரில் அந்த அர்த்தத்தில் சொல்லாதே.

அவள் பிறந்த நாளிலிருந்து நீ மனதில் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதை விட்டுவிடத்தான் கேட்கிறேன் என்பதும் தெரியும். இதற்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

உன் தங்கை
அமுதா

*

கரிக்கலாம்பாக்கம்
5.8.2024

அன்புத் தங்கை அமுதாவுக்கு,

ஏழு வாரம் ஆகிவிட்டது. கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் உன் மேல், அப்புறம் டாக்டர் மேல், அப்புறம் யார் மேல் என்று தெரியாமல். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன்.  பாக்கியம் உன் கடிதத்தைச் சாமி மாடத்தில் வைத்திருந்தாள், நான் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும் என்று.

நேற்று எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன் கோயிலில் ஆடிப் பொங்கல். பங்காளிகள் ஒரு வரிசை, மாமன் மச்சான் எதிர் வரிசை. பூசாரி பங்காளி வீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திருநீறு கொடுப்பார். கூட்டத்துக்கு அனுப்பக்கூடாது என்று தேவியை நீ அனுப்பவில்லை, அது சரிதான். பாவாடை மறுபடி ஆரம்பித்தார். "விஜயராகவா, மருமவ பேர்ல ஒரு வேண்டுதல் வையி. நம்ம வூட்டுக்கு வரப்போற பொண்ணு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் போனேன்.

பூசாரி வரிசையில் எங்கள் வீட்டு ஆட்களிடம் வந்தார். "யாரு யாரு?" என்றார். முகிலன் என்றேன். அவன் போய்க் குனிந்து நெற்றியைக் காட்டினான். பூசாரி அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். "இன்னும் ஒண்ணு இருக்கு சாமி. தேவிப்பிரியா" என்றேன்.

 பாவாடை எழுந்துவிட்டார். "என்னா இது, மாமன் மச்சான் வூட்டுப் பொண்ண பங்காளி வரிசையில எப்பிடிச் சேக்கறது? அப்பறம் மொறை என்னா ஆவறது?" என்று கேட்டார். "அதுக்குத்தான் சேக்கறேன். ரெண்டு பேருக்கும் ஓடறது ஒரே ரத்தம், ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருக்காங்க. இவ அவனுக்குத் தங்கச்சி. இன்னியோட அந்தப் பேச்ச விட்டுடுங்க" என்றேன்.  பூசாரி கலைவாணன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். மாப்பிள்ளை எதிர் வரிசையிலிருந்து எழுந்து நின்று, "எம்பொண்ணு பேரு ரெண்டு கோயில்ல கேக்கட்டும் சாமி" என்றான். பூசாரி "தேவிப்பிரியா" என்று கூப்பிட்டார். அவள் பங்கை முகிலன் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மருமகள் போய்விட்டாள் என்று ஒரு பக்கம் வலிக்கத்தான் செய்தது, அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பாக்கியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இன்னொண்ணு தங்கலேன்னு எத்தன வருசம் அழுதிருப்பேன். இன்னிக்கு நம்ம வூட்டு வரிசையில ரெண்டு பேரு சொல்லிக் கூப்புட்டாங்க" என்றாள்.

அவள் பங்குத் திருநீறு இத்துடன் இருக்கிறது. நெற்றியில் வைக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு வை.

உன் அண்ணன்
விஜயராகவன்